மென்வாய்

மூன்று கிழமைக்கு மட்டும் என்றுதான் தந்தார் ஹூர்ட்செலர்.
இடுப்பெலும்பு மாற்றப் போனவர்
படிக்கட்டில்லாத வீடு தேடி
மகளோடு பாசலுக்குப் போய்விட்டார்.
ஓல்டனில், மூன்றாம் மாடியில்,
என்னோடு மிஞ்சியது
ஈரல் நிறத்தில் புள்ளி விழுந்த
இருபத்தாறு கிலோ அவசரம்.

டிஸ்டல் என்று பெயர். முட்செடியாம்.
தடுப்பூசிப் புத்தகத்தில் பெண் என்றிருந்தும்
முதல் மாதம் நான் "அது" என்றேன்.
சோபாவின் வயிற்றைக் கிழித்து
அறையெங்கும் பஞ்சு பரப்பிய நாளில்
"அவள்" என்று திட்டத் தொடங்கி
அப்படியே நிலைத்துவிட்டது.

களைப்பு என்ற சொல்லை
இவள் இனத்துக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.
நாலே முக்காலுக்கு எழும்புகிறேன்.
ஆறரைக்கு முதியோர் இல்லத்துக் குசினியில்
உருளைக்கிழங்கு சீவ வேண்டும்;
அதற்கு முன் ஆரே ஆற்றங்கரையில் ஒன்பது கிலோமீட்டர்,
நான் சைக்கிளில், அவள் காற்றில்.
வேலை முடிந்து வந்தால் இன்னொரு தரம்.
தம்பி தவநேசன் தொலைபேசியில் கேட்கிறான்:
"அக்கா, நீ நாய் வச்சிருக்கிறியோ,
நாய் உன்னை வச்சிருக்குதோ?"

காட்டால் வந்ததும் விளக்கின் கீழ் படுக்கவைத்து
காதுமடல், விரலிடுக்கு, அக்குள் என்று
மயிரை விலக்கி உண்ணி தேடுவேன்.
அப்போது மட்டும் அசையமாட்டாள்.
ஒட்டுப்புல்லை இழுக்கும்போது
சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்,
ஊசிக்குக் கை நீட்டியவர்களைப் போல.

மார்ச்சில் ஆற்றுக்குள் பாய்ந்தாள். பனி உருகிய தண்ணீர்.
மறுநாள் வால் ஈரத்துணியாய்த் தொங்கியது.
முறிந்துவிட்டதென்று அழுதபடி ஓடினேன்.
தசைப்பிடிப்பு, நாலு நாளில் சரிவரும் என்றார் வைத்தியர்.
அந்த நாலு நாளும்
மகிழ்ச்சியை எங்கே வைப்பதென்று தெரியாமல்
இடுப்பை ஆட்டிக்கொண்டு திரிந்தாள்.

ஏப்ரல் வந்தால் காட்டில் கயிறு கட்டாயம்.
மான் குட்டி போடும் காலம்.
பத்து மீட்டர், செம்மஞ்சள்.
அதன் மறுமுனையில் திடீரென்று கல்லாவாள்:
முன்கால் ஒன்று மடிந்து அந்தரத்தில்,
மூக்கிலிருந்து வால்வரை ஒரே கோடு.
நானும் நிற்பேன்.
பன்னச்செடி, அதற்குப் பின்னாலும் பன்னச்செடி.
எனக்குத் தெரியாத ஒன்றை
இவ்வளவு உறுதியாக
இதுவரை யாரும் எனக்குக் காட்டியதில்லை.

ஒருமுறை ஸ்பிண்டன் அம்மாவின் கோழிக்கூட்டுக்குள் புகுந்து
எதையோ வாயில் அடக்கிக்கொண்டு வந்தாள்.
கையை நீட்டினேன். முட்டை.
கீறலில்லை. சூடுகூட ஆறவில்லை.
மென்வாய் என்று ஹூர்ட்செலர் சொன்னது இதைத்தான்:
சுட்டு விழுத்தியதைப் பிய்க்காமல்
கொண்டுவந்து சேர்க்கிற வாய்.
முட்டையைத் திருப்பிக் கொடுத்து
வெட்கத்துக்கு ஒரு டசின் வாங்கினேன்.

ஓகஸ்ட் முதலாம் திகதி.
நாட்டுக்குப் பிறந்தநாள்.
இருட்டியதும் பாலத்தடியில் தொடங்கினார்கள்.
செல்லப்பிராணிகள் பயப்படும், யன்னலைப் பூட்டுங்கள் என்று
வாசலில் ஒட்டியிருந்தது. பூட்டினேன்.

முதல் வெடிக்குக் காதை நிமிர்த்தினாள்.
இரண்டாவதற்கு எழுந்து நின்றாள், வால் துடிக்க.
ஓடி ஒளிவது அவள் படித்ததில் இல்லை.
சத்தம் கேட்டால்
எங்கோ ஒன்று விழுந்திருக்கிறது;
போய்க் கண்டெடுக்க வேண்டும்.

கதவடிக்குப் போனாள். குளியலறை பார்த்தாள்.
கட்டிலடி, திரைச்சீலையின் பின்புறம்,
சப்பாத்துத் தட்டு.
மூக்கால் வீட்டைக் கோடு கோடாய் உழுதாள்.
ஐந்தாவதோ ஆறாவதோ வெடிக்குப் பிறகு
குசினி மேசையின் கீழே
முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்தாள்.

நின்றாள்.
முன்கால் ஒன்று மடிந்தது.

பிறகு மணிக்கட்டைக் கவ்வி
ஒரு பல்லும் பதியாமல்
வெளியே இழுத்தாள்.